92 போதுமா, 95 வேண்டுமா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பெற்றோல் செட் ஒன்றில் சிறிய பிக்கப் வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது 92ஆ, 95ஆ என்பதுதான். அதற்கு விடை சொல்லும் வேளையில், விலை கூடிய பண்டமே உயர்ந்த பண்டம் என்னும் நம் ஜனங்களின் நெடுநாளைய நம்பிக்கை குறுக்கே வந்து நின்று, தம் வாகனத்தின் மீது பிரியம் வைத்தவர்களையெல்லாம் 95 என்றே சொல்ல வைத்துவிடுகிறது. அந்த நம்பிக்கை இவ்விஷயத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்று அறியும் பொருட்டு, ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியான 660 சி.சி. சுசுகி கெரி ஒன்றை இருவகைப் பெற்றோலிலும் சுமையேற்றி ஓட்டிப் பார்த்தேன்.

ஒக்டேன் எண் பெற்றோலின் சக்தியை அளப்பதன்று. சிலிண்டருக்குள் நெருக்குண்டு உஷ்ணமடையும் பெற்றோல், பிளக்கின் பொறியிலிருந்து பரவி வரும் சுவாலை தன்னை வந்து எட்டுமுன் தானாகவே வெடித்துவிடாமல் எவ்வளவு பொறுத்து நிற்கும் என்பதன் அளவே அது. ஐசோ ஒக்டேனுக்கு 100 என்றும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து 1920களில் வகுக்கப்பட்ட இந்தக் கணக்கின்படி, முன்னதில் 92 பங்கும் பின்னதில் 8 பங்கும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்வதே 92 ரகம். பொறுமை போதாத பெற்றோல் அகாலத்தில் வெடிக்கும்போது எழும் உலோகத் தட்டலைத்தான் மெக்கானிக்மார் நொக்கிங் என்கிறார்கள்.

வன்னி மக்களுக்கு அந்தத் தட்டல் புதிதன்று. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய வஸ்துவாகிவிட்ட 1990களில், கார்பரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையைக் கக்கிக்கொண்டும் தட்டிக்கொண்டும் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் ஓடியதை இன்றைய நடுவயதினர் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலினதைவிட மிகத் தாழ்ந்தது. இருந்தும் அந்தக் கிழட்டு எஞ்சின்கள் அதைச் சகித்துக்கொண்டமைக்குக் காரணம், அவற்றின் அழுத்த விகிதம் ஏறக்குறைய 7க்கு 1 என்ற அளவிலேயே இருந்ததுதான். அவை மண்ணெண்ணெயால் நன்றாக ஓடின என்று எவரும் சொல்லார். ஓடின என்பதே அக்காலத்தில் பெரிய விசேஷம். அழுத்த விகிதம் 10ஐ எட்டியும் கடந்தும் நிற்கும் இக்கால எஞ்சினிடம் அந்தச் சகிப்பை எதிர்பார்ப்பது வியர்த்தம்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மத்தியான வெயிலில், ஏ9 வீதியால் பரந்தனுக்குச் சென்று, அங்கிருந்து ஏ35 வீதியில் திரும்பி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு வரை ஓடினேன். மேடுபள்ளமற்ற இப்பூமியில் எஞ்சினைச் சோதிக்க மலை கிடையாதாகையால், உயர்ந்த கியரில் வேகத்தைத் தணித்துவிட்டுப் பின் ஒரேயடியாக அழுத்தி இழுக்க வைப்பதே வழி. அப்படி இழுத்தபோதும் 92இல் தட்டல் எழவில்லை. 95 ஊற்றிய பின் இழுவை கூடவுமில்லை. லீற்றருக்கு ஓடிய தூரத்தில் மனத்திற்படும்படியான பேதமும் இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜப்பானியத் தரவிதி அந்நாட்டுச் சாதாரண பெற்றோலுக்குக் கேட்கும் ஒக்டேன் குறைந்தது 89 மட்டுமே. இவ்வகைச் சிறு வாகனங்களின் கைந்நூலும் அந்தச் சாதாரண பெற்றோலையே விதிக்கிறது. ஆகவே நமது 92 அதற்கு வேண்டியதிலும் சற்று மேலானதே. எரிபொருள் நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 ஜூன் 26ஆம் திகதி 92 ரகம் லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 ரகம் 550 ரூபாவுக்கும் உயர்ந்தன; தேவையில்லாத பொறுமைக்கு லீற்றருக்கு 80 ரூபா கொடுப்பது தாராளமேயன்றி விவேகமாகாது.

ஆயினும் விதிவிலக்கு உண்டு. எரிபொருள் தாங்கியின் மூடியிலோ கைந்நூலிலோ 95 என்று தெளிவாகக் குறித்திருந்தால், அங்கே சிக்கனம் பார்ப்பது நஷ்டத்தில் முடியும். நொக்கிங்கை உணரும் கருவி பொறியைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றினாலும், இழுவை குறைந்து செலவு கூடிவிடும். 92க்கென்றே அமைந்த பழைய வாகனம் 92இல் தட்டத் தொடங்கினால், 95 அந்தச் சத்தத்தை அடக்கக்கூடும். ஆனால் நோய் கரிப் படிவிலோ, பிளக்கிலோ, பொறியின் நேரத்திலோ, ரேடியேற்றரிலோ இருக்க, செட்டுக்குப் போவதைவிட கராஜுக்குப் போவதே முறை.

ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ் போன்ற டபுள் கப் வாகனங்களை வைத்திருப்போருக்கு இந்த விவாதமே பெரும்பாலும் அவசியமற்றது. அவற்றில் அநேகமானவை டீசலில் ஓடுபவை. டீசலிடம் வேண்டப்படும் குணமோ நேர்மாறானது: அது விரைவாகத் தானே தீப்பற்ற வேண்டும்; அதை அளப்பது சீற்றேன் எண். அவர்கள் யோசிக்க வேண்டியது ஓட்டோ டீசலா, கந்தகம் குறைந்த சுப்பர் டீசலா என்பதைப் பற்றி. புதிய கொமன் ரெயில் எஞ்சினுக்குப் பின்னதே உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

சிறிய பெற்றோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒருமுறை மூடியைத் திறந்து, கைந்நூலையும் பார்த்துவிடுங்கள். 95 என்று அங்கே இல்லையென்றால் 92ஐயே நிரப்புங்கள், மிஞ்சுகிற பணத்தில் காலத்துக்குக் காலம் எஞ்சின் ஒயிலையும் பிளக்கையும் மாற்றுங்கள்.