வாரிவிடாத வசனம்

ஸ்பானிய மொழியில் 'தேஸலின்யாதோ' என்று ஒரு சொல் உண்டு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மொழியைப் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு, 'அலங்கோலமான' என்று பொருள் எழுதிவிட்டு மேலே போய்விடலாம் என்று தோன்றும். போய்விடக் கூடாது. அறையில் சாமான்கள் தாறுமாறாகக் கிடந்தால் அதற்கு வேறு சொல் இருக்கிறது. அழுக்குக்கும் வேறு சொல் இருக்கிறது. தேஸலின்யாதோ பெரும்பாலும் மனிதனின் தோற்றத்துக்கே உரியது. குளித்து, துவைத்த சட்டை போட்டவனாகவே அவன் இருக்கலாம். ஆனால் தலை வாரியிருக்க மாட்டான், ஒரு பித்தானைப் போடாமல் விட்டிருப்பான்.

'அலின்யோ' இல்லாதவன் என்பது நேர்ப்பொருள். வரிசைப்படுத்துவது என்ற லத்தீன் மூலத்திலிருந்து பிறந்த சொல் இந்த அலின்யோ. இதற்குச் சமையலறையிலும் வேலை உண்டு. பச்சைக் காய்களின் மேல் விடுகிற எண்ணெய், காடி, உப்பு எல்லாம் சேர்ந்ததும் அலின்யோதான். அந்தோனியோ மச்சாதோ 1912-ல் வெளிவந்த தம் கவிதைத் தொகுதியில், தம் உடையையே கேலி செய்துகொள்ளும் இடத்தில் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார்.

விமரிசகர்கள் இதை மனிதன் உடம்பிலிருந்து கழற்றி வசனத்துக்கு மாட்டிவிட்டார்கள். அதிகமாக அகப்பட்டுக்கொண்டவர் நாவலாசிரியர் பீயோ பரோஹா (1872–1956). வைத்தியம் படித்தவர், மாட்ரிட்டில் ரொட்டிக்கடை நடத்தியவர். அவருடைய இலக்கணம் சரியில்லை, வாக்கியங்கள் வாரிவிடப்படாதவை என்பது குற்றச்சாட்டு. 1956-ல் ஹெமிங்வே அவருடைய படுக்கையருகே போய், தமக்குக் கிடைத்த நோபல் பரிசு அவருக்கு அல்லவா கிடைத்திருக்க வேண்டும் என்று சொன்னாராம். அவருக்கு இந்த இலக்கணமெல்லாம் உறுத்தவில்லை போலும்!

1904-ல் வெளிவந்த 'லா பூஸ்கா'வைப் பாருங்கள். மானுவேல் என்ற பையன் மாட்ரிட்டுக்கு வருகிறான். தாய் வேலை செய்யும் விடுதி, பழைய பூட்ஸுகளைப் பிரித்துத் தோல் எடுக்கும் கடை, ரொட்டி அடுப்பு, குப்பை பொறுக்குகிறவன் வீடு என்று அலைகிறான். பாத்திரங்கள் வருகிறார்கள், இரண்டு பேச்சுப் பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். பலர் திரும்பி வருவதே இல்லை. வாக்கியங்கள் குட்டையானவை. வர்ணனை பாதியில் நின்றுவிடுகிறது, பையனை யாரோ கூப்பிட்டுவிட்டதுபோல. இந்தப் பையனின் கதையை எண்ணெய் தடவி வகிடெடுத்த வசனத்தில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பக்கம்கூட நம்பிக்கை வந்திராது.

கவனக்குறைவு வேறு விஷயம். ஸெர்வாண்டிஸ் 1605-ல் ஸாங்கோவின் கழுதையைக் காணாமல் அடித்துவிட்டு, பின்னால் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். 1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஸாங்கோவே அச்சடித்தவன்மேலும் பழி போடுகிறான். இது மறதி, நடை அல்ல.

பரோஹாவிடமும் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தம் தூரத்து உறவினரான அவிரானேதா என்ற சதிகாரரை வைத்து, 1913 முதல் 1935 வரை 22 நூல்கள் எழுதினார். அவற்றில் பல இடங்களில் வாக்கியம் அலுத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறது. தலை வாராததற்கு அங்கே காரணம் சோம்பல்தான். இதையும் 'லா பூஸ்கா'வையும் ஒரே சொல்லால் அடித்த விமரிசகர்களோடு எனக்குச் சம்மதமில்லை. படிக்க விரும்புகிறவர்கள் 'லா பூஸ்கா'வில் தொடங்கி, அதைத் தொடரும் இரண்டு நாவல்களையும் படிக்கலாம். அவிரானேதாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.