கோதுமை எட்டிப் பார்க்காத கேக்!

உப்பிடுச்சுங்க! அரிசி மாவு கேக் உப்பிடுச்சு! மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன், டின்னின் விளிம்பைத் தாண்டி அந்த இளமஞ்சள் மேடு மெல்ல மெல்ல எழும்பி வந்ததைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. தலை நரைக்க ஆரம்பித்த ஆம்பளை ஒரு கேக்குக்காக இப்படிக் குதிக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். குதிக்கலாம். கோதுமையும் இல்லாமல் மைதாவும் இல்லாமல் ஒரு வெனிலா கேக் எழும்பி நிற்கும்போது குதிக்காமல், வேறு எப்போது குதிப்பதாம்?

சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு சீலியாக். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவள் சிறுகுடலின் உட்சுவரைப் பதம் பார்த்துவிடும். அதை வாயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். இட்லி, தோசை, சோறு என்று அரிசியிலேயே வாழ்கிற ஊர், இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். பரோட்டா போச்சு, ரவா தோசை போச்சு, சேமியா பாயசம் போச்சு, சரி போகட்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம், அதனால் ஹோட்டல் சாம்பாரைக்கூட விசாரித்துத்தான் தொடணும் என்று அக்கா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனையையும் அந்தக் குட்டி முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்தாள். ஆனால் பிறந்தநாள் கேக்? வகுப்பில் மற்ற பிள்ளைகள் மூக்கெல்லாம் கிரீமோடு நிற்கும்போது இவள் கையில் ஒரு கடலை மிட்டாய். "மாமா, கேக் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு" என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு தாய்மாமனைக் கிளப்பிவிட இது போதாதா?

கிளம்பினேன் பாருங்கள், முதலில் புத்தகத்தில். இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்கிற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தே பஞ்சத்தில் கிடக்கிறது, ரொட்டிக்கு வழியில்லை, ஊரெல்லாம் வாடுகிறது, ஆனால் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறுகிறார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே கோதுமை மேல் ஒரு கண் வைத்திருந்த மனிதர், 1950-ல் ஆய்வேடாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். ராத்திரி இதைப் படித்துவிட்டு, அந்தப் பிள்ளைகளுக்கு நம்ம ஊர்ப் பச்சரிசி ஒரு மூட்டை கிடைத்திருந்தால் என்று நான் தூக்கம் வராமல் புரண்டேன். சிரிக்காதீர்கள்.

குளூட்டன் இல்லாத கேக் மாவு பாக்கெட்டாகவே விற்கிறதுதான். விலையைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். எனக்கு எதுக்குங்க பாக்கெட்? நான் இருப்பது கடலூர் மாவட்டத்தில்! பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர்ப் பக்கம் ஒருதரம் போய்ப் பாருங்கள். செம்மண்ணில் கிளை தரையைத் தொட நிற்கிற முந்திரித் தோப்புகள், காற்றில் கொட்டை வறுக்கிற அந்தக் காரமான புகை. போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மரம், நம்ம மண்ணில் இப்படி ஊறிப்போய்விட்டது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வேரோடு சாய்த்துப் போட்டும், மறுபடி நட்டு மறுபடி காய்க்க வைத்த ஜனங்கள். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்று கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, ஒவ்வொரு கொட்டையாகத் தட்டி, உள்ளே இருக்கிற பருப்பு உடையாமல் எடுக்கிற பெண்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். முழுப் பருப்பு வேண்டாம், பொடிக்கு உடைசலே போதும், விலையும் கம்மி. "பாயசத்துக்கா சார்?" என்றார் கடைக்காரர். "கேக்குக்கு!" என்று நான் சொன்ன சத்தத்தில் தராசுத் தட்டே ஒருதரம் ஆடியிருக்கும். முந்திரியில் கேக்கா என்று இழுக்கிறவர்கள் தூத்துக்குடி மக்ரூனை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான், தமிழ்நாடே வழியெல்லாம் தின்றுகொண்டு வருகிறது, அதில் மைதாவைத் தேடியது யார்?

அடுத்து அரிசி. தெரு முனை மாவு மில்லுக்குத் தூக்கைக் கொடுத்தனுப்பினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், அதே மெஷினில்தான் கோதுமையும் அரைபடும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் போடக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். அந்த அளவுக்கு மில்லில் ஒட்டிக்கொண்டிருக்கிற தூசியே போதும். அதனால் பச்சரிசியைக் கழுவி, வெள்ளை வேட்டியில் நிழலில் காயப்போட்டு, வீட்டு மிக்சியில் அரைத்து, சலித்து, கப்பியை மறுபடி அரைத்து, மறுபடி சலித்து! சல்லடையும் புதுசு, பழையதில் மைதா சலித்திருப்போமே. விரலால் எடுத்துத் தேய்த்தால் பவுடராக வழுக்கணும், நறநறவென்றால் கேக்கிலும் நறநறதான். "அரிசி மாவுல கேக்கா? புட்டு வேணா வரும்டா" என்றாள் அம்மா. பார்த்துக்கொண்டே இரும்மா என்றேன்.

வெனிலா! ஐயோ, வெனிலாவைப் பற்றி என்னைப் பேச விடாதீர்கள், விட்டால் நிறுத்த மாட்டேன். எசன்ஸ் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது ஆலையில் செய்த வெனிலின், அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் நிஜக் காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது ஒரு ஆர்க்கிட் கொடியில் காய்ப்பது, சொந்த ஊர் மெக்சிகோ. வேறு ஊர்களில் கொடி வளர்ந்தது, பூத்தது, காய்ப்பதுதான் அபூர்வம். 1841-ல் ரீயூனியன் தீவில், அடிமையாகப் பிறந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயசுப் பையன், ஒரு குச்சியால் பூவுக்குள் இருக்கிற சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திக் காட்டினான். இன்றைக்கும் உலகத்தில் தோட்டக்காரர்கள் கையால் அப்படித்தான் செய்கிறார்கள், நம்ம பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள் வெனிலா வளர்க்கிறவர்கள் உட்பட. அந்தக் கறுத்துச் சுருங்கிய காயை நீளவாக்கில் கீறி, கத்தி முதுகால் வழித்தால் மணல் போல விதைகள் ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் கசக்கினேன் பாருங்கள், விதை ஒவ்வொன்றும் பிரிந்து வெள்ளைச் சர்க்கரையில் கறுப்புப் புள்ளியாக விழ விழ, வாசனை கிளம்பி அடுப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் சவரம் செய்யும்போதுகூட என் விரல் மணத்தது, நான் முகர்ந்துகொண்டே ஆபீஸ் போனேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போது வாங்க, பக்கத்தில் நில்லுங்க, செய்முறைக்கு வந்துவிட்டோம். ஏழு அங்குல டின்னுக்கு அரிசி மாவு 120 கிராம். அதோடு இசப்கோல் ஒரு டீஸ்பூன், ஆமாங்க, மலச்சிக்கலுக்குக் குடிப்போமே அதேதான், மருந்துக்கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து 'ராத்திரி வெந்நீர்ல சார்' என்று வேறு சொன்னார், நான் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன், ரகசியம் எனக்கல்லவா தெரியும்! மைதாவில் குளூட்டன்தான் வலை மாதிரி பின்னிக்கொண்டு காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கும், அரிசியில் அந்த வலை கிடையாது, அந்த வேலையை இசப்கோலின் கொழகொழப்பும் முட்டையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். இரண்டையும் 150 மில்லி வெதுவெதுப்பான பாலில் கரைத்து அரைமணி நேரம் மூடி வைத்துவிடுங்கள், அரிசி பாலைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும், நறநறப்பு ஓடியே போகும். அதற்குள் வெண்ணெய் 120 கிராம், வெனிலா மணக்கிற அந்தச் சர்க்கரை 150 கிராம், கைவலிக்க அடியுங்கள், மஞ்சள் வெளுத்து வெள்ளையாகிப் புசுபுசுவென்று வரும்வரை அடியுங்கள், ஒவ்வொன்றாக மூன்று முட்டை, அடித்துக்கொண்டே ஊறிய அரிசி விழுது, பிறகு முந்திரிப் பொடி 100 கிராம், முந்திரியை பிரிட்ஜில் வைத்து எடுத்து விட்டு விட்டு அரைத்தால்தான் எண்ணெய் விடாமல் பொடியாக வரும், ஜவ்வரிசியை அரைத்துச் சலித்த மாவு 30 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இதில் பெரிய சந்தோஷம் என்ன தெரியுமா, மைதா கேக்கென்றால் ரொம்பக் கலக்காதே, ரப்பராகிவிடும் என்று பயந்து பயந்து கலக்கணும், இதில் குளூட்டனே இல்லை, அந்த பயமும் இல்லை, கலக்குங்க சார், ஆசை தீரக் கலக்குங்க! 170 டிகிரியில் நாற்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. முதலில் வெண்ணெய் வாசனை வரும், அப்புறம் பால் காய்கிற வாசனை, அப்புறம் முந்திரி வறுபடுகிற வாசனை, கடைசியில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வெனிலா வரும் பாருங்கள், அப்போதுதான் அந்த மேடு எழும்பியது, அப்போதுதான் நான் கத்தினேன்!

அவள் பிறந்தநாள் வந்து விழுந்த நாளைச் சொன்னால் நீங்களே விசில் அடிப்பீர்கள். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள், சிதம்பரத்தில் தேர்! திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினேன், மடியில் கேக் பெட்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிற ஜனம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறது. எதிர் சீட்டுப் பெரியம்மா கேட்டேவிட்டார்: "என்ன தம்பி, நெய் முறுகலா வாசம் வருதே?" அவருக்கு அரிசி மாவிலிருந்து எட்மண்ட் அல்பியஸ் வரை முழுக் கதையையும் சொல்லி முடிக்கச் சிதம்பரம் வந்துவிட்டது. இறங்கினால் நாலு வீதியும் தலைகள்! மூலவரான நடராஜரே வீதிக்கு வருகிற ஊர் இது, ஐந்து தேர், வடம் பிடிக்கிற கூட்டம், சங்கு, மேளம், நடுவில் கேக் பெட்டியைத் தலைக்கு மேல் இரண்டு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கேக்குங்க, கேக்குங்க, வழி விடுங்க" என்று நான். காதில் ஏதோ கேட்கச் சொல்கிறேன் என்று நினைத்து நின்று காது கொடுத்தவர்களும் உண்டு!

அக்கா வீட்டில் மறுநாள் களிக்கு அரிசி வறுபட்டுக்கொண்டிருந்தது. வெல்லம், பாசிப்பருப்பு, நெய், முந்திரி. எனக்குப் பொறி தட்டியது. சேந்தனார் படைத்தார், நடராஜர் ஏற்றார் என்று ஊரே கொண்டாடுகிற திருவாதிரைக் களியில் இருப்பதும் அரிசி, முந்திரி. என் கேக்கில் இருப்பதும் அரிசி, முந்திரி! தில்லைக் கூத்தனுக்கே கோதுமை தேவைப்படவில்லை, இந்தப் பிள்ளைக்கு எதற்கு? கத்தியை அவள் கையில் கொடுத்தேன். மேலே பழுப்பாக மெல்லிய தோல், அது சன்னமாக நொறுங்கி, கத்தி உள்ளே இறங்க, சின்னச் சின்னத் துளைகளோடு, கறுப்புப் புள்ளி தூவிய வெளிர்மஞ்சள் துண்டு ஒன்று சாயாமல் நிமிர்ந்து நின்றது. வாயில் போட்டாள். நினைத்துப் பாருங்கள், என்னால் மூச்சு விட முடியவில்லை. மென்றாள், நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள், "மாமா, இதுல நெஜமாவே ஒண்ணுமில்லையே?" என்றாள். "ஒண்ணுமில்லடா கண்ணு, சாப்பிடு." அவ்வளவுதான், அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை, இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "எங்க மாமா செஞ்சது, எனக்குன்னே செஞ்சது, உங்களுக்கும் தரேன்" என்று இத்தனை நாள் வாங்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து ஊருக்கு விநியோகம் பண்ணுகிறாள்! அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கவே இல்லாத அடுப்படியில் வெங்காயத்தைக் குறை சொன்னாள். நான் தின்றேன். வெண்ணெயில் ஊறிய முந்திரியின் கொழுமை, மென்று முடித்த பிறகும் நாக்கில் நிற்கிற வெனிலா, மைதா கேக்கின் அந்த ஒட்டல் துளிகூட இல்லை. நேர்மையாகச் சொல்கிறேன், பேக்கரி கேக்கெல்லாம் இதன் கால் தூசிக்கு வராது.

குறையே இல்லையா என்றால், சூட்டோடு வெட்டினால் உதிரும், அதனால் ஆறட்டும். மறுநாள் கொஞ்சம் இறுகும், ஆனால் மறுநாள்வரை மிச்சம் இருந்தால்தானே? ஓவன் இல்லையா, கனமான குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் சிம்மில் வையுங்கள், அதிலும் வரும். இன்றைக்கு ராத்திரியே அரிசியைக் கழுவிப்போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளாதீர்கள். என் கதையா? வெயில் காலத்தில் பண்ருட்டிப் பலா வந்ததும் சுளையை நறுக்கி இதே மாவில் போடப் போகிறேன், வெனிலாவும் பலாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போதே நாக்கு ஊறுகிறது, அம்மாவிடம் சொன்னேன், இந்தத் தடவை அவள் புட்டு என்று சொல்லவில்லை, "சுளைய நான் உரிச்சுத் தரேன்டா" என்கிறாள்!