சிரிப்பும் விமர்சனமும்

புதிய தமிழ்ப் படம் ஒன்று வெளிவந்ததும், யூரியூபில் 'ப்ளூ சட்டை' மாறன் அதைப்பற்றி என்ன சொன்னார் என்று தேடுவோர் தமிழகத்தில் மட்டுமன்றி நம் நாட்டிலும் பலர். படத்தை அவர் கிழிக்கக் கிழிக்க ஒரு கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. மற்றொரு கூட்டம் வசைமாரி பொழிகிறது. விமர்சகரைக் காட்டிலும் இவ்விரு கூட்டங்களுமே நம் சிந்தனைக்குரியன.

வசைபாடுவோரை முதலில் நோக்குவோம். 2017இல் 'விவேகம்' படத்தை அவர் எள்ளி நகையாடியபோது, நடிகர் அஜித்தின் இரசிகர்கள் கொதித்தெழுந்தனர். கோடிகளை முதலிட்டவனின் பண்டத்துக்கு, நுழைவுச்சீட்டுக்குக் கூலியைக் கொடுத்தவன் காவல் நிற்கும் விந்தை இது! "நீ ஒரு படம் எடுத்துக் காட்டு" என்பது இவர்களின் வாடிக்கையான வாதம். மாறன் எடுத்தும் காட்டினார். 'ஆன்ரி இந்தியன்' 2021 டிசெம்பரில் வெளிவந்தது. ஆனால் அவர் எடுக்காதிருந்தாலும் அந்த வாதம் செல்லாது. கறியில் உப்புக் கூடிற்று என்று சொல்வதற்குச் சமையற்காரனாக இருக்கவேண்டியதில்லை.

முதலாளிகளோ நேரடியாகவே வாய்ப்பூட்டுக் கேட்டனர். 2024 நவம்பரில் 'கங்குவா' கடும் விமர்சனத்துக்குள்ளானதை அடுத்து, படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனம் கூடாது எனத் தயாரிப்பாளர் சங்கமொன்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. டிசெம்பரில் நீதிமன்றம் அத்தகைய தடையை விதிக்க மறுத்தது. அதை நாம் வரவேற்கிறோம். மூன்று நாள் விளம்பரத்துக்கு உரிமை உண்டு, மூன்று நாள் அபிப்பிராயத்துக்கு உரிமை இல்லை என்பது என்ன நியாயம்?

எனினும், சிரிக்கும் கூட்டத்தை நாம் முற்போக்கான கூட்டமென்று கொண்டாடுவதற்கில்லை. தர்க்கப் பிழைகளையும் நாயகனின் ஆர்ப்பாட்டங்களையும் கண்டு நகைப்பவர்கள், அப்படம் பெண்ணை எப்படிச் சித்திரிக்கிறது, உழைப்பவனை எங்கே நிறுத்துகிறது, எந்தச் சாதியின் பெருமையைப் பாடுகிறது என்று கேட்பதில்லை. கேலி ஓய்ந்ததும் அடுத்த கேலிக்குக் காத்திருக்கிறார்கள். குப்பைப் படமும் வியாபாரம். அதைப் பழிப்பதும் வியாபாரமாகிவிட்டது.

இப்பழக்கத்தின் கேடு நமக்கே அதிகம். ஈழத்தின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல் 16 மில்லிமீற்றர் சுருளிலே எடுக்கப்பட்டது. தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' 1977இல் யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையும் சீதனக் கொடுமையையும் திரைக்குக் கொண்டுவந்தது. சென்னைப் படங்களின் பகட்டுக்குப் பழகிய கண்கள் அதை ஆதரிக்கவில்லை. இன்று சிறுதொகை திரட்டிப் படமெடுக்கும் நம் இளைஞர்களையும் அதே ஏளனந்தான் எதிர்கொள்கிறது. வசதியின் வறுமை வேறு, உள்ளத்தின் வறுமை வேறு. முன்னையதற்குத் தோள் கொடுக்கவேண்டும். பின்னையதை ஈவிரக்கமின்றிச் சாடவேண்டும். இரண்டையும் ஒரே கோலால் அளந்து நகைப்பவன், தன்னையறியாமலே பெரும்பணக்காரனின் படத்துக்கு வழிவிடுகிறான்.

நல்ல விமர்சகன் தன்னைப் பின்தொடரும் கூட்டத்தை வளர்ப்பவன் அல்லன். தானே கேள்வி கேட்கும் இரசிகனை வளர்ப்பவன். சிரிப்போம், தவறில்லை. சிரித்து முடிந்தபின், இப்படம் யாருக்காக, யார் நலனுக்காக எடுக்கப்பட்டது என்று கேட்கவும் பழகுவோம். விமர்சனம் அங்கேதான் ஆரம்பமாகிறது.