பிளாசா ஹோட்டல்: காப்பாற்றியது எதை, விற்றது எதை?

நியூயார்க் பிளாசா ஹோட்டலைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். 'ஹோம் அலோன் 2' பையன் தனியாப் போய் ரூம் போடுவானே, அதேதான். ஹென்றி ஹார்டன்பெர்க் வடிவமைத்து, 1907-இல் சென்ட்ரல் பார்க் ஓரமாகத் திறந்தது.

2004-இல் எலாட் பிராப்பர்ட்டீஸ் இதை 67.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2005-இல் மூடி 2008-இல் திறந்தபோது, சுமார் 800 அறைகள் இருந்த கட்டடத்தில் 282 ஹோட்டல் அறைகளும் 181 சொகுசு வீடுகளும் இருந்தன. அந்த 282-உம் சும்மா கிடைக்கவில்லை. முதல் திட்டத்தில் 150 அறைகள்தான். வேலை போகுமேன்னு ஹோட்டல் தொழிலாளர் சங்கம் போராடியதால்தான் எண்ணிக்கை ஏறியது.

இந்த மாற்றத்துக்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் சொல்வார்கள்.

முதலாவது, பாரம்பரியம் பத்திரமாக இருக்கிறது என்பது. உண்மைதான். வெளித்தோற்றத்துக்கு 1969-லேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. பாம் கோர்ட், ஓக் ரூம், கிராண்ட் பால்ரூம் போன்ற உள்கூடங்களுக்கு 2005-இல் வந்தது. ஆனால் இந்தச் சட்டம் பார்ப்பது கல்லையும் கூரையையும்தான். உள்ளே யார் தங்கலாம் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

இரண்டாவது, பிளாசாவில் ஆரம்பத்திலிருந்தே ஆட்கள் நிரந்தரமாகக் குடியிருந்தார்கள்தானே என்பது. இதுவும் உண்மை. 1907-இல் வந்தவர்களில் பலர் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்க வந்தவர்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்கூட 1954 முதல் 1959 வரை இங்கே ஒரு சூட் வைத்திருந்தார். ஆனால் அவர்கள் வாடகைக்காரர்கள். காலி செய்தால் அறை அடுத்தவருக்கு வரும். சொந்த வீடு அப்படியில்லை. உரிமையாளர் வருஷம் பூரா எட்டிப் பார்க்காவிட்டாலும் பூட்டு பூட்டுதான்.

எனக்கு உறுத்துவது பங்கு பிரித்த விதம். பூங்காவைப் பார்த்த பக்கம் பெரும்பாலும் வீடுகளுக்குப் போனது. 58-ஆவது தெருப் பக்கம் ஹோட்டலுக்கு வந்தது. காலமெல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி தங்க வருகிறவருக்கு முகப்பின் பெயர் கிடைக்கும், முகப்பின் ஜன்னல் கிடைக்காது.

வாங்கியவர்களாவது திருப்தியா? ரஷ்யாவின் முன்னாள் துணை நிதியமைச்சர் ஆந்த்ரே வவிலோவ் 5 கோடி டாலருக்கும் மேல் பேசி, உச்சி மாடியில் இரண்டு வீடுகள் எடுத்தார். ஜன்னல் சின்னது, கூரை தாழ்வு, இது வெறும் பரண் என்று 2008-இல் வழக்குப் போட்டார். ஹோட்டலுக்காகப் போட்ட சாய்கூரை மாளிகையாக மறுத்துவிட்டது போல.

இடிப்பதைவிட இது மேல் என்பதை மறுக்க முடியாது. இதே ஹார்டன்பெர்க் கட்டிய பழைய வால்டார்ஃப் அஸ்டோரியாவை 1929-இல் இடித்துவிட்டுத்தான் எம்பயர் ஸ்டேட் கட்டினார்கள். வீடு விற்ற காசு பழைய கட்டடத்தைத் தூக்கி நிறுத்தும். ஆனால் இதே சூத்திரம் இப்போது அந்தப் பெயரில் 1931-இல் வந்த புதிய கட்டடத்துக்கும் போயிருக்கிறது: 1,400-க்கும் மேற்பட்ட அறைகள் போய், 375 ஹோட்டல் அறைகள், கிட்டத்தட்ட அதே அளவு வீடுகள்.

அடுத்து ஒரு பழைய ஹோட்டலை இப்படி மாற்றுகிறோம் என்று யாராவது வந்தால், கூரையின் தங்கப் பூச்சைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. நல்ல ஜன்னல்களில் எத்தனை ஒரு ராத்திரி விருந்தாளிக்கு மிஞ்சும் என்றும் கேட்கணும். அனுமதி கொடுக்கும் முன்னாலேயே கேட்கணும்.