துண்டுத் துணியும் முழுச் சட்டையும்

மூலிகைத் துணிக்கு இப்போது நல்ல மவுசு. ஜவுளி, ஆடை வடிவமைப்புத் துறைகள் நடத்தும் கருத்தரங்க அழைப்பிதழ் எதைப் பிரித்தாலும் வேம்பு, துளசி, கற்றாழை, நொச்சி என்று ஒரு நாட்டு மருந்துக்கடையே உள்ளே இருக்கிறது. 2000களில் கேரளத்தின் பாலராமபுரம் கைத்தறியில் ‘ஆயுர்வஸ்த்ரா’ பேசப்பட்டபோது அதில் ஒரு புதுமையாவது இருந்தது. இன்று அது முனைவர் பட்டத்துக்கான வாய்பாடு. கேட்டால், பாரம்பரிய அறிவை அறிவியலாக்குகிறோம், கிராமத்துப் பெண்களுக்குப் பயன்படுகிறோம் என்று சமாதானம் வருகிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புழங்குகிற எவருக்கும் இந்தச் சமாதானத்தின் பின்பாதி சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

துறையின் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1957இல் கோவையில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியிலிருந்து இன்றைய பாரதியார், பெரியார் பல்கலைக்கழகத் துறைகள் வரை, வீட்டைவிட்டு வெளியே அனுப்பப்படாத எத்தனையோ பெண்கள் ‘தையல் படிப்புதானே’ என்ற சாக்கில் பட்டதாரி ஆனார்கள், பேராசிரியர் ஆனார்கள். திருப்பூரின் தரக்கட்டுப்பாட்டு மேசைகளில் இவர்களின் மாணவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நூலின் முறுக்கையும் சாயத்தின் கெட்டியையும் அளக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அளக்கப்படும் பொருளோடு. ஆய்வேடுகளைப் பாருங்கள். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்த சாற்றை வெளுத்த நூறு சதப் பருத்தித் துணியில் ஏற்றுவார்கள். மருந்து துணியிலிருந்து கழன்றுவிடாதிருக்கச் சிட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். பிறகு அமெரிக்க ஜவுளி வேதியியலாளர் சங்கத்தின் 100ஆம் எண் சோதனை: 4.8 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துண்டுகளை வெட்டி, ஸ்டஃபைலோகாக்கஸ், கிளெப்சியெல்லா பாக்டீரியாக்களை விட்டு, எத்தனை சதவீதம் செத்தது என்று எண்ணுவார்கள். இலை மாறும், மாவட்டம் மாறும், நெறியாளர் மாறுவார். வாய்பாடு மாறாது. அந்த வட்டத் துண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். முழு ஆய்வும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதை யாராவது உடுத்தினார்களா, உடுத்தியவருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி கடைசி அத்தியாயத்தில் ‘எதிர்கால ஆய்வுக்கான பரிந்துரைகள்’ என்ற இடத்தில் ஒரு வரியாக வந்து படுத்துக்கொள்ளும்.

சலவை தாங்குமா என்று சோதிப்பதைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. அதே சங்கத்தின் 61ஆம் எண் சோதனையில் 2ஏ என்றொரு பிரிவு. எஃகுக் குவளையில் சோப்புக் கரைசல், 49 டிகிரி வெப்பம், 50 எஃகுக் குண்டுகள், 45 நிமிடச் சுழற்சி. இப்படி ஒருமுறை சுழற்றினால், சலவை எந்திரத்தில் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முறை துவைத்ததற்குச் சமம் என்று கொள்ள வேண்டும். ஏற்றுமதித் துணிக்கு இது சரி. வாங்குகிறவர் வீட்டில் எந்திரம் இருக்கிறது. ஆனால் கிராமத்துப் பெண்ணுக்காக என்று முன்னுரையில் எழுதிவிட்டு, வில்லியனூரில் துணி எப்படித் துவைக்கப்படுகிறது என்று பார்க்காமலேயே எஃகுக் குண்டை உருட்டுவது என்ன நியாயம்? கல்லில் அடித்து, பார் சோப்பைத் தேய்த்து, கும்மி, முறுக்கிப் பிழிந்து, உச்சிவெயிலில் கொடியில் போடுகிறார்கள். பாகூர்ப் பக்கம் கடலோரமாகப் போகப் போக ஆழ்துளைக் கிணற்றில் உப்பு வேறு. இத்தனையையும் தாங்குமா நொச்சிச் சாறு? ஆய்வேட்டில் பதில் கிடையாது, கேள்வியே இல்லாததால். வியர்வையைக்கூட ஹிஸ்டிடினும் உப்பும் பாஸ்பேட்டும் கலந்து குடுவையில்தான் தயாரிக்கிறார்கள். தரப்படுத்தினால்தான் ஒப்பிட முடியும் என்பது தெரிந்ததே. ஒப்பிட்டபிறகாவது ஆளைப் பார்க்க வேண்டாமா?

பாகூரை நெற்களஞ்சியம் என்பார்கள். நடவு நேரத்தில் ஏரிப் பாசன வயல் பக்கம் போனால் ஓர் உடையைப் பார்க்கலாம். சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் கணவனோ மகனோ கழித்துப்போட்ட முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. நூறுநாள் வேலைக்கும் இதுதான். தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்பதால் இதை யாரும் உடையாகவே கருதுவதில்லை. சற்று நின்று பார்த்தால் அதில் எத்தனை தீர்மானங்கள்! கைமுனை மணிக்கட்டுவரை வருகிறது, நெல் தாளின் சுணை கையை அறுக்காமலிருக்க. முன்பக்க விளிம்பு சேற்றில் தோயும் என்பதால் இரண்டு நுனியையும் இடுப்பில் முடிந்துகொள்கிறார்கள். சட்டைப் பையில் பாலித்தீன் உறையில் சுற்றிய செல்போன், வெற்றிலை, சில்லறை. பெண்களுக்குத் தைக்கும் எந்த உடுப்பிலும் அந்தப் பை கிடையாது. துணியோ பெரும்பாலும் டெரிகாட்டன். நனைந்தால் சீக்கிரம் காய்கிறது, உடம்பில் கனக்காது. நம் ஆய்வுக்கூடம் விடாப்பிடியாகக் கட்டிக்கொண்டு அழும் நூறு சதப் பருத்தி அந்த வயலில் இல்லை. சேலையும் பாலியெஸ்டர், வீட்டில் மாற்றிக்கொள்ளும் நைட்டியும் பெரும்பாலும் கலப்புத் துணி.

இந்த உடையில் குறையும் உண்டு. ஆண் தோளுக்கு வெட்டிய சட்டை குனியும்போது முதுகில் இழுக்கிறது. சேலை, பாவாடை, ஜாக்கெட், சட்டை என்று நான்கு அடுக்கு, மாசி வெயிலில். குனிந்த முதுகில் நேராக இறங்கும் சூட்டுக்கு என்ன வழி? ஆடை பற்றிய ஒரு துறைக்கு இதைவிடக் கச்சிதமான ஆய்வுப் பொருள் கொடுக்க முடியுமா? லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மருந்தடிப்பவருக்கும் பண்ணைப் பெண்களுக்கும் உடை வடிவமைக்கும் வேலை நடந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் நம் பக்கத்து ஆய்வேடுகளில் நான் புரட்டிய வரையில் இந்தச் சட்டை தட்டுப்படவில்லை. தட்டுப்படுவது வேறு: ‘விரிவாக்கப் பணி’. துறை ஊருக்கு வருகிறது. பேனர் கட்டி, சுய உதவிக் குழுப் பெண்களை உட்காரவைத்து, கைக்குட்டையில் முடிச்சுச் சாயம் போடக் கற்றுக்கொடுக்கிறது. சான்றிதழ், குழுப்படம், மதிய உணவு. தன் வேலைக்கான உடையைத் தானே வடிவமைத்துக்கொண்ட பெண் அங்கே மாணவியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேட்டில் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதி வாங்கிய பாகூருக்கு, கல்வி இப்போது கைக்குட்டையாக வருகிறது.

வகுப்பறையிலும் இதே கதை. பேட்டர்ன் போடுவதற்கு ஸராப்கர் முறை, அதற்குமேல் ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரிச். நல்ல புத்தகங்கள்தாம். வில்லியனூர்த் தேரடிப் பக்கத்துத் தையல் கடையில் வாடிக்கையாளர் நீட்டுவதோ ‘அளவு ஜாக்கெட்’. உடம்பில் டேப் வைப்பதே இல்லை. நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட்டை மடித்துத் துணிமேல் போட்டு, “இதைவிட அரை இஞ்சு லூசு” என்று ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு, சாக்கட்டியால் கோடிழுத்து நேரே கத்தரி. துவைத்துச் சுருங்கிய ஜாக்கெட்டிலிருந்து சுருங்காத அளவை ஊகிப்பது, பிரசவத்துக்குப்பின் மாறிய உடம்புக்கு எங்கே பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று உள்தையலில் துணி விட்டுவைப்பது, இதெல்லாம் அங்கே சாதாரணம். இந்த முறையில் எவ்வளவு பிழை வருகிறது, எங்கே சரியாக அமைகிறது என்று அளந்து பார்க்க ஒரு பருவமே போதும். நிஃப்ட் முன்னெடுத்த ‘இந்தியாசைஸ்’ திட்டம் 25,000 பேரின் உடலை முப்பரிமாணத்தில் அளக்கப் புறப்பட்டது. தேர்ந்த ஆறும் நகரங்கள், மும்பை முதல் ஷில்லாங் வரை. தமிழ்பேசும் ஊர் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப இங்குள்ள துறைகளைத் தடுத்தது யார்?

ஆடை வரலாறு என்ற தாளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மாநிலத்துக்கு ஒரு படம். தமிழ்நாட்டுக்குப் பாவாடை தாவணி. ஹார்கிரீவ்ஸின் ஸ்பின்னிங் ஜென்னி மனப்பாடம். 1936 ஜூலை 30இல் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய 12 தொழிலாளர் சுட்டுக்கொல்லப்பட்ட புதுச்சேரி ஆலை வளாகமும், 2020இல் மூடப்பட்ட ரோடியர் மில்லும் பாடத்தில் வருமா என்று கேட்டுப் பாருங்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசாணையில் போய் முடிந்த தோள்சீலைப் போராட்டம் வருமா? 1873இல் ஐரோப்பியச் சப்பாத்தோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக வெளியேற்றப்பட்டு, பாரிஸ்வரை வழக்காடி ஜெயித்த புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை? இந்தியர் ஏன் இதை உடுத்துகிறார்கள், அதை உடுத்துவதில்லை என்பதைப் பற்றி முக்கியமான புத்தகம் எழுதியவர் எம்மா டார்லோ, 1996இல். அவர் மானிடவியலாளர். ஆடைத் துறைக்காரர் அல்லர்.

‘அதெல்லாம் சமூகவியல், நாங்கள் அறிவியல்’ என்று இந்த இடத்தில் பதில் வரும். இதுதான் எனக்குச் சகிக்காத பதில். டெரிகாட்டன் சட்டையின் வெப்பத் தடையை அளப்பதும், காற்று எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பதும், கல்லில் நூறுமுறை அடித்த துணியை மார்ட்டின்டேல் கருவியில் தேய்த்து மிச்ச ஆயுளைக் கணிப்பதும் எந்த ஊர்ச் சமூகவியல்? கருவிகள் எல்லாம் ஏற்கெனவே துறைகளில் இருப்பவை. இன்னொரு பதில், ஆய்விதழ்கள் இதைப் போடாது என்பது. ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆகவே சாக்கும் போயிற்று. மிஞ்சியிருப்பது பழக்கம்: நெறியாளர் இலைச்சாற்றில் பட்டம் வாங்கினார், மாணவியும் இலைச்சாற்றில் வாங்குவாள்.

பொருட்செலவும் தடையில்லை. அடுத்த நடவுக்குப் பாகூரில் பத்துப் பெண்களிடம் புதுச் சட்டை கொடுத்து, அவர்கள் போட்டுக் கிழிந்த பழையதை வாங்கிக்கொண்டால் ஓர் ஆய்வுக்கு வேண்டிய துணி கைக்கு வந்துவிடும். எங்கே முதலில் கிழிந்திருக்கிறது, எந்தப் பொத்தான் இல்லை, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறிக்க ஒரு வாரம். அதற்கு ஆகும் செலவு, மெத்தனாலும் பாக்டீரியாவும் வாங்குவதைவிடக் குறைவு.