சீமாட்டி வரலாறும் செக்ரோல் பெயர்களும்

வாழ்க்கை வரலாறு என்பது ஒருவர் எத்தனை விருந்துகளில் கலந்துகொண்டார் என்னும் கணக்கன்று. அவ்வாழ்வைத் தாங்கி நின்றவை எவை, அதனால் விளைந்தவை எவை என ஆராய்ந்துரைப்பதே வரலாறாகும். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், அயர்லாந்தில் வேரூன்றிய ஆங்கிலப் பிரபுகுலப் பெண்டிரைப் பற்றிய எழுத்துகளிற் பல குறையுடையனவே.

மோரீன் கின்னஸ் சீமாட்டியை எடுத்துக்கொள்வோம். 1759-இல் டப்ளினில் தொடங்கிய புகழ்பெற்ற ஸ்டௌட் ஆலைக் குடும்பத்தில் 1907-இல் பிறந்தவர். தந்தையார் எர்னஸ்ட், 1923-24-இல் மனைவி மக்களோடு சொந்த உல்லாசக் கப்பலில் உலகை வலம்வந்த செல்வர். மோரீன் 1998-இல் மறையும்வரை அவருடைய விருந்துகளும் வேடிக்கைகளும் லண்டன் பத்திரிகைகளுக்குச் செய்தியாயின. அக்குடும்பத்தின் ஸ்டௌட் மலாயாக் கடைகளிலும் விற்றது. 1960-களில் சுங்கை வேயிலேயே ஆலை எழுந்தது. அப்பகட்டில் நம்மவர் கூலிக் காசும் ஒரு துளி உண்டு.

1930-இல் மோரீன் மணந்த பாசில், டஃபரின்-ஆவா பிரபுப் பட்டத்தின் வாரிசு. ஆவா என்பது பர்மாவின் பழைய தலைநகர். பாசிலின் பாட்டனார் இந்திய வைசிராயாக இருந்தபோது, 1886-இல், மேல்பர்மா பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைக்கப்பட்டது. அதன் பொருட்டே ஆவா அவர் பட்டத்தில் ஏறிற்று. 1945 மார்ச்சில் பேரனும் அதே ஆவாவுக்கருகில் போரில் மாண்டார். இதனை விதியின் விளையாட்டென்று வியந்து கடப்பது எளிது. நாடுபிடித்த வினையின் தொடர்ச்சியெனக் காண்பதே ஆராய்ச்சி.

மகள் கரோலைன் பிளாக்வுட் 1977-இல் தம் குடும்பக் கதையை நாவலாக்கினார். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த அந்நூலில், பிரபுகுல மாளிகையின் கூரை ஒழுகுகிறது. உள்ளிருக்கும் பெண்களின் உள்ளமும் சிதைகிறது. பகட்டின் உட்புறத்தை அஞ்சாது காட்டியது அதன் பெருமை. எனினும், அப்பார்வை மாளிகைச் சுவரைத் தாண்டவில்லை.

சுவருக்கு வெளியே நின்றவர் யார்? பாசிலை வீழ்த்திய அதே போர், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றது. பாசிலுக்கு நண்பர் ஜான் பெட்ஜமன் இரங்கற்பா பாடினார். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. காட்டில் மடிந்த நம்மவரோ, பெரும்பாலும் பெயரின்றியே போயினர்.

1929 முதல் தேயிலை வளர்ந்த கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் முதலிய இடங்களின் வரலாறும் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. கொழுந்தெடுத்த பெண்ணின் வாழ்வுக்கு நாட்குறிப்பு இல்லை. செக்ரோல் உண்டு, பள்ளிப் பதிவேடு உண்டு, கோயில் வரவுசெலவு உண்டு, பேரர் நினைவிலுள்ள பெயர்களும் உண்டு. சீமாட்டிக்கு வரலாறு எழுதியவரைக் குறைகூறி அமைதல் போதாது. இவற்றைத் திரட்டத் தொடங்குதலே நம் கடன். தாளும் அழியும், நினைவும் அழியும்.