வென்ட்டின் பியானோவும் தேயிலைக் காசும்

இலங்கையில் மேலைச் சாஸ்திரிய இசை பற்றி எழுதுகிறவர்கள் லயனல் வென்ட்டைப் பியானோக் கலைஞர் என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே அவருடைய புகைப்படங்களுக்குத் தாவிவிடுவார்கள். அந்த முதல் வரி எவ்வளவு பாரம் தாங்கும்? சப்ரகமுவத் தோட்டப்புறத்தார் இந்தக் கேள்வியோடு இன்னொரு கணக்கையும் கேட்கலாம்.

வென்ட் 1900இல் கொழும்பில் நீதியரசர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1919இல் சட்டம் படிக்க லண்டன் போனவர், அங்கே றோயல் இசைக் கழகத்தில் ஒஸ்கார் பெரிங்கரிடம் பியானோ கற்றார். மார்க் ஹம்பூர்க்கிடமும் பயின்றார். ஹம்பூர்க் வியன்னாவில் லெஷெட்டிஸ்கியிடம் தேறியவர். அந்தக் குருபரம்பரையில் குறை சொல்ல இடமில்லை. 1924இல் ஊர் திரும்பிய வென்ட், வக்கீல் தொழிலை விட்டுப் பியானோவிடம் வந்தார்.

வந்த இடத்தில் பியானோத் தொழிலுக்கு நிலம் இல்லை. இலங்கைச் சிம்பனி இசைக்குழுவே 1958இல்தான் உருவானது. கச்சேரிப் பியானோக்காரருக்குக் கைத்தேர்ச்சி மட்டும் போதாது: சேர்ந்து வாசிக்க வாத்தியக் குழு வேண்டும், ஊர் ஊராக ஒரே நிகழ்ச்சியை வாசித்து வாசித்துப் பழுக்க மேடைகள் வேண்டும், கடிந்து சொல்லும் விமர்சகர் வேண்டும். கொழும்பில் விமர்சகர் வேலையையும் வென்ட்டே பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் பழியை ஊர் மீது மட்டும் போடுவது சரியல்ல. அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. வாசித்துத்தான் சோறு என்ற நெருக்கடி இல்லை. 1930களின் தொடக்கத்தில் கமரா கைக்கு வந்ததும் மனம் அந்தப் பக்கம் போனது. 1938இல் லண்டனில் தனிக் கண்காட்சி வைக்கும் அளவுக்கு அதில் ஏறினார். பியானோவில் அப்படியொரு ஏற்றம் இல்லை. பின்னாளில் கொழும்பிலிருந்து புறப்பட்ட ரொஹான் டி சில்வாவைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். 1990 சைக்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான பரிசை வென்று, வயலின் மேதை இட்சாக் பேர்ல்மனுடன் பல ஆண்டுகளாக வாசித்துவருபவர் அவர். அதற்கு ஊரை விட்டுப் போய், நியூயோர்க்கிலேயே தங்க வேண்டியிருந்தது. வென்ட் திரும்பி வந்தார். அந்தத் தெரிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதற்காக மதிப்பெண் கூட்டிப் போட முடியாது.

இன்று நாம் கேட்கக்கூடியது அவருடைய குரல். பசில் ரைட் 1934இல் எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ ஆவணப்படத்தில் ரொபர்ட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து வென்ட் வாசிக்கிறார். படம் தொடங்கிச் சற்று நேரத்தில் யாத்திரிகர்கள் மலை ஏறுகிறார்கள். அது இரத்தினபுரியார் அண்ணாந்து பார்க்கும் சிவனொளிபாதமலை. மணி ஒலிக்க, பறவை எழும்பிப் பறக்கும் இடம் உலகப் புகழ் பெற்றது. அவசரமில்லாத அந்தக் குரலில் பியானோக்காரரின் காலப்பிரமாணம் இருக்கிறது என்று சொல்ல ஆசை வரும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இசை வோல்ட்டர் லீயுடையது, வெட்டும் ஒட்டும் ரைட்டுடையது. வென்ட்டுக்கு உரியது நிதானமும் உச்சரிப்பும்தான்.

தோட்டப்புறத்தார் கேட்கக்கூடிய கணக்கு இங்கேதான் வருகிறது. படத்துக்குக் காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரச்சாரச் சபை. ஏற்றுமதித் தேயிலை மீது விதித்த தீர்வையில் நடந்த சபை அது. கொழுந்து பறித்தவர்களின் உழைப்புதான் அந்தச் சுருளில் ஓடுகிறது. ஆனால் நொக்ஸ் கண்டியரசில் சிறையிருந்தது 1660 முதல் 1679 வரை. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் வந்தது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து. ஆக, வென்ட் வாசிக்கும் இலங்கைக்குள் அவர்கள் இருக்கவே முடியாது. மூன்றாம் பகுதியில் கொழுந்துக் கைகள் திரைக்கு வரும்போது மேலே கேட்பது சந்தை விலைகளும் வியாபாரக் குரல்களும். இதை ரைட்டின் கூர்மையான விமர்சனம் என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அப்படியானால் பறிப்பவளுக்கும் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே? அவள் பேசும் மொழி படக்குழுவுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததா?

வென்ட்டுக்குச் சாட்சியாக எல்லோரும் இழுப்பது பாப்லோ நெருதாவை. 1929இல் கொழும்புக்குத் தூதரக அலுவலராக வந்த கவிஞர், தன் நினைவுநூலில் அந்நகரின் பண்பாட்டு வாழ்வின் மையமாக இந்தப் பியானோக்காரரைக் காட்டுகிறார். அதே நினைவுநூலில்தான், தன் மலவாளியைச் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைப் பலவந்தப்படுத்தியதையும் எழுதியிருக்கிறார். அந்தக் குற்றம் வென்ட்டுடையதல்ல. ஆனால் இந்தச் சாட்சியின் கண் எங்கே திறந்து எங்கே மூடியது என்று தெரியாமல் அவர் புகழுரையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீர்ப்புக்கு வருவோம். கச்சேரிக் கலைஞராக வென்ட்டை முதல் வரிசையில் வைக்க முடியாது. அவருடைய பியானோ வாழ்வு நல்ல தொடக்கம் கொண்டு பாதியில் நின்றது. அவருடைய நிச்சயமான சாதனைகள் புகைப்படமும், 1943இல் ஓவியர்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய ‘43 குழு’வும். அடுத்த ஆண்டே 44 வயதில் இறந்துபோனார். 1953இல் அவர் பெயரில் கொழும்பில் அரங்கம் எழுந்தது; ஒரு பியானோக்காரராக அவருக்குக் கிடைக்காத மேடையைப் பின்வந்தவர்களுக்கு அது கொடுத்தது. ‘சோங் ஒப் சிலோன்’ விஷயத்தில் அவருக்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன். மீதிப் பாதி, பெயரில்லாமல் திரையில் வந்துபோன கொழுந்துக்காரிக்குச் சேர வேண்டியது.